சுதந்திரவாதம்: இன்றைய சர்ச்சைகளில் எங்கள் நிலை என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுதந்திரவாதி, அதாவது லிபர்டேரியன், என்று ஒருவர் தன்னைச் சொல்லிக்கொண்டால் திரும்பத் திரும்ப அவரிடம் வருகிற கேள்விகளைத் திரட்டி விடை எழுதியிருக்கிறேன். எங்களுக்குள்ளேயே கருத்து பிளவுபட்டிருக்கும் இடங்களில் அதையும் சொல்லி, நான் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

சுதந்திரவாதம் என்றால் சுருக்கமாக என்ன?

உங்கள் உடலும் உழைப்பும் உங்களுடையவை. நீங்கள் அடுத்தவர் மீது முதலில் கை வைக்காதவரை, யாரையும் ஏமாற்றாதவரை, எப்படி வாழ்வது என்பது உங்கள் முடிவு. இதுவரை பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். சுதந்திரவாதி இன்னும் ஓர் அடி முன்னே போய், இதே விதி அரசுக்கும் பொருந்தும் என்கிறார். ஒரு தனிமனிதர் செய்தால் மிரட்டல் எனப்படும் காரியம், பெரும்பான்மை வாக்களித்துச் செய்தால் மட்டும் எப்படி நியாயமாகும் என்று கேட்கிறார். அதனால் எந்தச் சர்ச்சை வந்தாலும் எங்கள் முதல் கேள்வி ஒன்றுதான்: இங்கே யார், யார் மீது பலத்தைப் பயன்படுத்துகிறார்கள், அதற்கு என்ன நியாயம்?

விடைகளில் பல வகை உண்டு. காவல், நீதிமன்றம், நாட்டுப் பாதுகாப்பு ஆகியவற்றோடு அரசு நின்றுகொள்ள வேண்டும் என்றார் அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக். அதுவும் வேண்டாம், அவற்றையும் தனியாரிடம் விடலாம் என்றார் பொருளாதார அறிஞர் மர்ரே ரோத்பார்ட். ஹாயெக், மில்டன் ஃபிரீட்மன் போன்ற பொருளாதார அறிஞர்கள் இன்னும் மிதமானவர்கள். நான் இவர்களுக்கு அருகில் நிற்கிறேன்.

அப்படியானால் இடதுசாரியா, வலதுசாரியா?

இரண்டும் இல்லை. பொருளாதாரத்தில் வலதுசாரிகளுக்குப் பிடித்ததைச் சொல்வோம். போர், போதைப்பொருள் சட்டம், காவல்துறை அதிகாரம், திருமணம் என்று வந்தால் இடதுசாரிகளோடு நிற்போம். எங்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கொள்கைதான்.

வரி என்பது திருட்டா?

ரோத்பார்ட் அப்படித்தான் சொன்னார். உழைப்பின் ஊதியத்தில் போடும் வரி, கட்டாய உழைப்புக்குச் சமம் என்று நோசிக் வாதிட்டார். நான் 'திருட்டு' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை, ஏனென்றால் அதைக் கேட்டவுடன் எதிரே இருப்பவர் காதை மூடிக்கொள்கிறார். ஆனால் வரி கட்ட மறுத்தால் கடைசியில் சிறை என்பது உண்மை. எனவே அரசு செலவிடும் ஒவ்வொரு தொகைக்கும் 'இதைக் கட்டாயப்படுத்தி வாங்கும் அளவுக்கு இது முக்கியமா?' என்று கேட்டே ஆக வேண்டும். விளையாட்டு அரங்கம் கட்ட ஒரு கோடீசுவர அணி உரிமையாளருக்கு மானியம் தருவது அந்தச் சோதனையில் தேறாது, நீதிமன்றம் நடத்துவது தேறும். எந்த வரி பரவாயில்லை என்று கேட்டால், மேலே கட்டியதை விட்டுவிட்டு நிலத்தின் மதிப்புக்கு மட்டும் போடும் வரி என்பேன். நிலத்தை யாரும் உற்பத்தி செய்யவில்லை. இருப்பதிலேயே தீமை குறைந்த வரி அதுதான் என்று ஃபிரீட்மனும் கருதினார்.

ஏழைகளை அப்படியே விட்டுவிடுவீர்களா?

இதுதான் எல்லோரும் முதலில் கேட்க நினைக்கும் கேள்வி. கேட்பதும் நியாயம்தான்.

முதலில் வரலாறு. அரசு நலத்திட்டங்களுக்கு முன் ஏழைகளுக்கு ஒன்றுமே இல்லை என்று பலரும் நம்புகிறார்கள். பிரிட்டனில் 1911-இல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வருவதற்கு முன்பே பல இலட்சம் தொழிலாளர்கள் பரஸ்பர உதவிச் சங்கங்களில் உறுப்பினர்களாக இருந்தார்கள். மாதா மாதம் சிறு தொகை கட்டி, நோய்க்காலப் படி, இறுதிச் சடங்குச் செலவு, சங்க மருத்துவர் ஆகியவற்றைத் தாங்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். அது எல்லோரையும் எட்டவில்லை. நிலையான வருமானம் இல்லாதவர்கள் வெளியே நின்றார்கள். ஆனாலும் உழைக்கும் மக்கள் தங்களுக்காகத் தாங்களே கட்டியெழுப்பிய பெரிய அமைப்பு அது.

அப்புறம், சுதந்திரவாதிகள் அனைவரும் உதவித்தொகைக்கு எதிரிகள் இல்லை. வளமான ஒரு சமூகம் யாரும் விழக்கூடாத ஒரு குறைந்தபட்ச வருமானத்துக்கு உறுதி தரலாம் என்று ஹாயெக் ஏற்றுக்கொண்டார். எதிர்மறை வருமான வரி என்ற திட்டத்தை 1962-இல் ஃபிரீட்மன் முன்வைத்தார்: குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சம்பாதிப்பவர் வரி கட்டுவதற்குப் பதில் அரசிடமிருந்து பணம் பெறுவார். பொருளாகக் கொடுக்காமல், நிபந்தனை போடாமல், அதிகாரியின் கருணைக்குக் காத்திருக்க வைக்காமல் பணமாகக் கொடுப்பது. ஏழைக்குப் பணம் கொடுத்தால் கெட்டுப்போவார் என்ற எண்ணத்தில் இருக்கும் அவமதிப்பு எனக்குப் பொறுக்காது.

ஆனால் என் மனதுக்கு மிக நெருக்கமான வாதம் வேறு. உதவி செய்வதற்கு முன், ஏழையின் பாதையில் அரசே போட்டிருக்கும் தடைகளை எடுங்கள். அடுத்த சில கேள்விகள் அதைப் பற்றியவைதான்.

தொழில் உரிமம் மக்களைப் பாதுகாக்கத்தானே?

அறுவை மருத்துவருக்கு அது பொருந்தலாம். ஆனால் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் பல பத்தாண்டுகளாகப் பூங்கொத்து அலங்கரித்து விற்கவே உரிமத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. பல மாநிலங்களில் ஆப்பிரிக்க முறையில் சடை பின்னும் பெண்கள், தங்கள் தொழிலில் ஒருபோதும் தேவைப்படாத ரசாயனச் சிகிச்சைகளைக் கற்பிக்கும் அழகுக்கலைப் படிப்புக்கு நூற்றுக்கணக்கான மணி நேரமும் கட்டணமும் செலவிட வேண்டியிருந்தது. சட்டப் போராட்டங்களுக்குப் பின் பல மாநிலங்கள் அந்த விதியைக் கைவிட்டன. 1950-களில் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்கே மாநில உரிமம் தேவைப்பட்டது. இன்று அது 20 சதவீதத்துக்கு மேல்.

இந்த விதிகளைக் கேட்டு வருபவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் வாடிக்கையாளர்கள் அல்ல, ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருப்பவர்கள். உரிம வாரியங்களில் உட்கார்ந்திருப்பவர்களும் அவர்களே. புதிதாக வரும் போட்டியாளரை உள்ளே விடலாமா என்று பழைய போட்டியாளர் முடிவு செய்கிறார். கையில் தொழில் மட்டும் உள்ள ஒரு பெண்ணுக்கு இழைக்கப்படும் இந்த அநீதி, நலத்திட்ட விவாதங்களில் பேச்சாகக்கூட வருவதில்லை.

வாடகைக் கட்டுப்பாடு ஏழைக் குடித்தனக்காரரைக் காப்பாற்றுகிறதே?

இன்று அந்த வீட்டில் இருப்பவரைக் காப்பாற்றுகிறது, உண்மை. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1994-இல் கட்டுப்பாடு சிறு கட்டடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர்கள் கண்டது: பழைய குடித்தனக்காரர்கள் பலனடைந்தார்கள், ஆனால் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட உரிமையாளர்கள் வாடகைக்கு விடும் வீடுகளை 15 சதவீதம் குறைத்தார்கள், நகரம் முழுதும் வாடகை சுமார் 5 சதவீதம் ஏறியது. நாளை வேலை தேடி அந்த நகரத்துக்கு வரப்போகிறவர்தான் விலை கொடுக்கிறார். அவருக்கு அங்கே ஓட்டுகூட இல்லை.

வாடகை ஏன் ஏறுகிறது என்பதே அடிப்படைக் கேள்வி. உலகின் பல நகரங்களில் பெரும்பகுதி நிலத்தில் ஒரு குடும்பத்துக்கான தனி வீடு மட்டுமே கட்டலாம் என்று சட்டம் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-இல் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பகுதியில் அடுக்கு வீடுகளையும் அடர்த்தியான கட்டடங்களையும் அனுமதித்தது. அதன் பிறகு கட்டட அனுமதிகள் வேகமாகப் பெருகின. கட்ட விடுங்கள் என்பதுதான் எங்கள் பதில்.

குறைந்தபட்ச ஊதியச் சட்டம்?

இங்கே என் தோழர்கள் சிலரோடு எனக்கு உடன்பாடில்லை. சட்டம் வந்தால் உடனே வேலைகள் கொத்துக் கொத்தாகப் பறிபோகும் என்று அவர்கள் பேசுவது மிகை. நியூஜெர்சி, பென்சில்வேனியா துரித உணவகங்களை ஒப்பிட்டு டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு, ஊதிய உயர்வால் வேலை குறைந்ததற்கான அறிகுறி இல்லை என்றது. அதை மறுத்தும் ஆய்வுகள் வந்தன, ஆனால் சிறிய உயர்வு பெரிய அழிவைத் தராது என்பதை நான் ஏற்கிறேன். என் எதிர்ப்பு வேறு காரணத்தால். திறன் மிகக் குறைந்தவர், சிறையிலிருந்து வந்தவர், மொழி தெரியாத அகதி போன்றோருக்கு முதல் வேலைதான் கடினம். 'குறைந்த கூலிக்கு வருகிறேன், என்னைச் சோதித்துப் பாருங்கள்' என்று சொல்லும் உரிமையைச் சட்டம் அவர்களிடமிருந்து பறிக்கிறது. வருமானம் போதவில்லை என்றால் மேலே சொன்ன எதிர்மறை வருமான வரி வழியாகச் சமூகம் முழுதும் அந்தச் சுமையை ஏற்கட்டும்.

நீங்கள் பெருநிறுவனங்களின் ஆட்கள்தானே?

சந்தைக்கு ஆதரவு என்பதும் நிறுவனங்களுக்கு ஆதரவு என்பதும் வேறு வேறு. பெரிய நிறுவனங்களுக்குப் போட்டி பிடிக்காது. 2008-இல் அமெரிக்க அரசு 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கி வங்கிகளைத் தூக்கி நிறுத்தியபோது, கடுமையாக எதிர்த்தவர்களில் சுதந்திரவாதிகளும் இருந்தார்கள். லாபம் வந்தால் தனக்கு, நட்டம் வந்தால் ஊருக்கு என்பது சந்தை அல்ல.

இன்னொரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூ லண்டன் நகரம், ஃபைசர் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வு மையத்தை ஒட்டிய குடியிருப்புப் பகுதியைத் தனியார் மேம்பாட்டுத் திட்டத்துக்காகக் கையகப்படுத்த முனைந்தது. சாலைக்கோ பள்ளிக்கோ அல்ல. வரி வருவாய் கூடும், வேலை பெருகும் என்பதுதான் காரணம். சூசெட் கீலோ என்ற செவிலியர் தன் வீட்டை விட மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது. வீடுகள் போயின. திட்டம் நடக்கவில்லை. 2009-இல் ஃபைசரும் அந்த மையத்தைக் காலி செய்வதாக அறிவித்தது. நிலம் பல ஆண்டுகள் புல் முளைத்துக் கிடந்தது. கீலோவின் பக்கம் நின்று வாதாடியவர்கள் சுதந்திரவாதச் சட்ட அமைப்பான இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸின் வழக்கறிஞர்கள். சொத்துரிமை பணக்காரர்களின் கவசம் என்பவர்களுக்கு இந்த வழக்கைத்தான் காட்டுவேன். பணக்காரருக்கு அரசோடு பேசிக்கொள்ள வேறு வழிகள் உண்டு. சிறிய வீடு வைத்திருப்பவருக்கு அந்த உரிமைப் பத்திரம் மட்டுமே உண்டு.

இறக்குமதி வரி உள்நாட்டு வேலைகளைக் காக்காதா?

சில வேலைகளைக் காக்கும், மற்றவர்கள் செலவில். அமெரிக்கா 2018-இல் சலவை இயந்திரங்களுக்கு இறக்குமதி வரி போட்டது. சலவை இயந்திரத்தின் விலை ஏறத்தாழ 12 சதவீதம் ஏறியது. வரியே போடாத துணி உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் கூடவே ஏறியது, ஏனென்றால் இரண்டையும் மக்கள் ஜோடியாக வாங்குகிறார்கள். அதனால் உருவான ஒவ்வொரு வேலைக்கும் வாங்குபவர்கள் கொடுத்த விலை ஆண்டுக்கு 8 இலட்சம் டாலருக்கு மேல் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு ஏறக்குறைய எல்லா நாடுகள் மீதும் வரி அறிவித்தபோது இந்தப் பாடம் கண்முன்னே இருந்தது.

போதைப்பொருளைச் சட்டபூர்வமாக்கச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு அல்லவா?

போதை நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. அடிமையானவரைச் சிறையில் போடுவது அவரைக் காப்பாற்றாது என்கிறோம்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. கள்ளச் சாராயக் கும்பல்கள் வளர்ந்தன. தொழிற்சாலைகளுக்கான எரிசாராயத்தை யாரும் குடிக்காதிருக்க அதில் கூடுதல் நச்சு சேர்க்க அரசே உத்தரவிட்டது. அது தெரிந்தும் தெரியாமலும் குடித்தவர்கள் செத்தார்கள். தடை எப்போதும் வீரியத்தைக் கூட்டும். ஒளித்துக் கடத்த வேண்டியிருந்தால் கடத்துபவர் சிறிய அளவில் அதிக வீரியம் உள்ளதையே தேர்ந்தெடுப்பார். அன்று பீருக்குப் பதில் சாராயம், இன்று ஹெராயினுக்குப் பதில் அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஃபெண்டானில்.

போர்ச்சுகல் 2001-இல் சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிய அளவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கி, சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கியது. ஊசி போட்டுக்கொள்பவர்களிடையே புதிய எச்ஐவி தொற்று பெருமளவு குறைந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020-இல் வாக்கெடுப்பு மூலம் அதே பாதையில் இறங்கியது. சிகிச்சை மையங்கள் தயாராவதற்கு முன்பே தண்டனை நீக்கம் நடைமுறைக்கு வந்தது. தெருக்களில் வெளிப்படையான பயன்பாடு பெருகியதாக மக்கள் கொதித்தார்கள். 2024-இல் சட்டமன்றம் மீண்டும் குற்றமாக்கியது. எங்கள் தரப்பில் பலர் ஓரிகனைப் பற்றிப் பேசாமல் தவிர்க்கிறார்கள். தவிர்க்கக்கூடாது. வைத்திருப்பது குற்றமில்லை, ஆனால் விற்பது குற்றம் என்றால் சரக்கு இன்னமும் கும்பல்களிடமிருந்தே வருகிறது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாதி வழியில் நின்றுவிட்ட சீர்திருத்தம் அது. பொது இடத்தில் போதை ஏற்றிக்கொள்வதைத் தடுக்கும் விதிகளுக்கு நான் எதிரியும் இல்லை. தெரு எல்லோருக்கும் பொதுவானது.

வெறுப்புப் பேச்சைத் தடை செய்ய வேண்டாமா?

நேரடியாக வன்முறைக்குத் தூண்டுவதும் மிரட்டுவதும் குற்றம்தான். அதற்கு மேல் வேண்டாம். 1977-இல், யூத இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்கள் பலர் வாழ்ந்த ஸ்கோக்கி என்ற அமெரிக்க ஊரில் ஒரு நாஜிக் குழு ஊர்வலம் போக விரும்பியது. அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் (ACLU) அந்தக் குழுவின் பேச்சுரிமைக்காக வாதாடியது. வாதாடிய வழக்கறிஞர் ஒரு யூதர். சங்கம் உறுப்பினர்களை ஆயிரக்கணக்கில் இழந்தது. அந்த வழக்கறிஞரின் துணிச்சல் எனக்கு இன்றும் பெரிதாகத் தெரிகிறது. தடை செய்யும் அதிகாரம் நாளை யார் கையில் இருக்கும் என்று அவர் யோசித்தார்.

சமூக ஊடக நிறுவனம் ஒருவரை நீக்கினால்? அது அந்த நிறுவனத்தின் இடம், அதன் உரிமை. ஆனால் அமைச்சரோ அதிகாரியோ பின்னாலிருந்து 'இதை நீக்கு' என்று நெருக்கினால் அது தணிக்கையே.

குடியேற்றம்?

கடுமையாகப் பிளவுபட்டிருக்கிறோம். எல்லைகளைக் கூட்டுச் சொத்தாகக் கருதி, யாரை விடுவது என்று உள்ளே இருப்பவர்கள் முடிவு செய்யலாம் என்கிறார் ரோத்பார்ட் வழிவந்த சிந்தனையாளர் ஹான்ஸ்-ஹெர்மன் ஹாப்பே. தாராளமான நலத்திட்டமும் தடையற்ற குடியேற்றமும் சேர்ந்து இருக்க முடியாது என்றார் ஃபிரீட்மன். அப்படியானால் நலத்திட்டத்துக்கு வரம்பு போடுங்கள், மனிதருக்கு ஏன் போடுகிறீர்கள் என்பது என் பதில். ஒருவர் வேலை தர விரும்புகிறார், இன்னொருவர் வர விரும்புகிறார். நடுவில் ஆயுதத்தோடு நிற்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வந்த தொழிலாளியை ஒரே முதலாளியோடு கட்டிப்போடும் முறை, வளைகுடாவின் கஃபாலா போன்றது, எந்தக் கணக்கிலும் சுதந்திரச் சந்தை ஆகாது. வேலையை விட்டுப் போக முடியாதவரின் ஒப்பந்தத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

கருக்கலைப்பு?

இதிலும் பிளவுதான். கரு ஓர் உயிர், அதற்கும் உரிமை உண்டு என்பவர்களும், பெண்ணின் உடல் மீது வேறு யாருக்கும் அதிகாரம் இல்லை என்பவர்களும் ஒரே கொள்கையிலிருந்துதான் புறப்படுகிறார்கள். அமெரிக்க லிபர்டேரியன் கட்சி 2022-இல் இது பற்றிய பத்தியையே தன் கொள்கை அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டது. நான் பெண்ணின் பக்கம்.

ஒரே பாலினத் திருமணம்?

வயது வந்த இருவர் சம்மதித்தால் போதும். இதில் பேச அதிகம் இல்லை.

காலநிலை மாற்றத்துக்கு உங்களிடம் விடையே இல்லை என்கிறார்களே?

இல்லாதது போல நடந்துகொண்டவர்கள் எங்களில் உண்டு. அறிவியலையே மறுத்தது பெரிய தவறு. உண்மையில் எங்கள் கொள்கைப்படி மாசு என்பது அடுத்தவர் உடல் மீதும் நிலத்தின் மீதும் நடக்கும் அத்துமீறல்தான். ஆனால் கோடிக்கணக்கானோர் புகை விட, கோடிக்கணக்கானோர் பாதிக்கப்படும்போது தனித்தனி வழக்கு போட்டுத் தீர்க்க முடியாது. அதனால் கரியமில வாயுவுக்கு ஒரு வரி போட்டு, வந்த பணத்தை மக்களுக்கே சமமாகத் திருப்பித் தருவதை நான் ஆதரிக்கிறேன். கூடவே, நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் அரசுகள் தரும் மானியம் நிற்க வேண்டும். ஜெர்மனி தன் கடைசி மூன்று அணு உலைகளை 2023 ஏப்ரலில் மூடியது போன்ற முடிவுகளும் வேண்டாம்.

அரசு கண்காணிப்பு? ஒளிக்க ஒன்றுமில்லாதவர் ஏன் பயப்பட வேண்டும்?

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை தன் குடிமக்களின் தொலைபேசி அழைப்பு விவரங்களை மொத்தமாகச் சேகரித்ததை அங்கே ஒப்பந்தப் பணியாளராக இருந்த எட்வர்டு ஸ்னோடன் 2013-இல் வெளிப்படுத்தினார். 2015-இல் சட்டம் அதை நிறுத்தியது. 2020-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சேகரிப்பே சட்டவிரோதம் என்றது. பயப்பட வேண்டியது நம் ரகசியத்துக்காக மட்டுமல்ல. பத்திரிகையாளர் யாரோடு பேசினார், தொழிற்சங்கத் தலைவர் யாரைச் சந்தித்தார் என்பதெல்லாம் ஆட்சியாளர் கையில் இருந்தால் எதிர்க்கட்சி என்று ஒன்று மிஞ்சாது.

அர்ஜென்டினாவில் உங்கள் கொள்கை வென்றுவிட்டதா?

தன்னைச் சுதந்திரவாதி என்று சொல்லிக்கொள்ளும் ஹாவியர் மிலேய் 2023 டிசம்பரில் அங்கே அதிபராகப் பதவியேற்றபோது ஆண்டுப் பணவீக்கம் 211 சதவீதம். அடுத்த ஆண்டு இறுதியில் 118 சதவீதம், அதன் பிறகு இன்னும் குறைந்தது. 2020-இல் வந்த வாடகைச் சட்டத்தை அவர் ரத்து செய்ததும் வாடகைக்கு வரும் வீடுகள் பெருகின. வறுமை 2024-இன் முதல் பாதியில் 53 சதவீதத்தை ஒட்டி ஏறி, இரண்டாம் பாதியில் 38 சதவீதமாக இறங்கியது. அந்த முதல் பாதியில் பட்டினி கிடந்தவர்களை ஒரு வரைபடக் கோடாகப் பார்க்க எனக்கு மனமில்லை.

மத்திய வங்கியை மூடுவேன் என்றவர் மூடவில்லை. நாட்டு நாணயமான பெசோவைத் தாங்கிப் பிடிக்க 2025-இல் அமெரிக்கக் கருவூலத்தின் 2,000 கோடி டாலர் ஏற்பாட்டை நாடினார். தெருப் போராட்டங்களை அடக்கும் விதிகளைக் கொண்டுவந்தார். பணவீக்கத்தில் அவர் செய்ததைப் பாராட்டுகிறேன். போராட்டக்காரர்கள் விஷயத்தில் அவரை எதிர்க்கிறேன். ஒரு தலைவரைக் கொண்டாட வேண்டும் என்பதற்காக இரண்டாவதை மறைப்பவர் சுதந்திரவாதி அல்ல.

படையெடுப்பு வந்தால்கூடக் கட்டாய ராணுவ சேவை கூடாதா?

அமைதிக் காலத்தில் கூடாது என்பதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்காவில் இதை ஆராய்ந்த அரசுக் குழுவான கேட்ஸ் குழுவில் ஃபிரீட்மன் உறுப்பினர். கூலிப்படையை நடத்த விருப்பமில்லை என்றார் அந்தக் குழு முன் பேசிய அமெரிக்கத் தளபதி ஜெனரல் வெஸ்ட்மோர்லேண்ட். அடிமைப்படையை நடத்துவது பரவாயில்லையா என்று திருப்பிக் கேட்டார் ஃபிரீட்மன். 1973-இல் அங்கே கட்டாயச் சேர்ப்பு முடிவுக்கு வந்தது.

கடினமானது உக்ரைன் போன்ற நிலை. பெரிய நாடொன்று படையெடுத்து வந்திருக்கிறது. 2022 பிப்ரவரி முதல் 18 வயதிலிருந்து 60 வயது வரையிலான ஆண்கள் நாட்டை விட்டு வெளியேறத் தடை. 2025 ஆகஸ்டில் 22 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும் தடை தளர்ந்தது. படையெடுப்பை எதிர்த்துப் போரிடுவது நியாயமே, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவர் தன் உயிரைக் கொடுக்கும் முடிவை இன்னொருவர் எடுக்க முடியாது என்பதை இந்த இடத்தில் மட்டும் விட்டுவிட்டால் மற்ற இடங்களில் அதைப் பேச எனக்கு வாய் இருக்காது. ஆகவே அந்தத் தளர்வை எல்லா வயதினருக்கும் நீட்ட வேண்டும் என்பதே என் நிலை. கூடவே முன்னணியில் நிற்பவருக்கு உயர்ந்த ஊதியம், எப்போது வீடு திரும்பலாம் என்று முன்கூட்டியே தெரியும் பணிக்காலம், காயம்பட்டால் வாழ்நாள் முழுதுக்குமான ஆதரவு ஆகியவற்றை ஒப்பந்தமாகவே எழுதித் தர வேண்டும். இதனால் ஆட்கள் குறையலாம் என்ற அச்சம் உண்மையானது. ஆயுதமும் பணமும் தந்து அந்தக் குறையை ஈடுகட்டும் பொறுப்பு, அந்த நாட்டின் வெற்றியை விரும்பும் நம் எல்லோருக்கும் உண்டு.